முதலில் கை, அப்புறம் திரை

வகுப்பில் ஒரு காணொலியை ஓடவிட்டால் பிள்ளைகள் கப்சிப்பென்று உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். நடுவில் வந்த பூனையைப் பற்றிச் சொல்வார்கள், பின்னணிப் பாட்டைப் பற்றிச் சொல்வார்கள். பாடத்தைப் பற்றி இரண்டு பேர் சொல்வார்கள். அந்த இருவரும் காணொலி இல்லாமலே சொல்லக்கூடியவர்கள்.

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் தமிழும் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பிறையிலும் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். வகுப்பறையில் ஒரு ப்ரொஜெக்டர், என் மடிக்கணினி, என் கைப்பேசி. பிள்ளைகள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. கணினி அறைக்கு வாரத்தில் ஒருமுறை முறை வரும். பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகளில் நிலைமை இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வசதிக்குள் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட வரிசை ஒன்று உண்டு. பிள்ளைகள் முதலில் கையால் ஒன்றைச் செய்ய வேண்டும். செய்ததைப் பதிவு செய்ய, ஒப்பிட, கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட, அதற்குப் பிறகு திரை வர வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கணினிக் கருவிகள் நமக்கெல்லாம் ஒரேயடியாக வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சின் டெலிமா தளம் வந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் கருவிகள் ஒரே கணக்கில் கிடைத்தன. அந்த நேரத்தில் அவைதான் கைகொடுத்தன, மறுக்க முடியாது. ஆனால் வீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைக்குத் திரை வழியாகப் பாடம் நடத்துவது வேறு. முப்பது பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நடத்துவது வேறு. எதிரில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு கை இருக்கிறது, வெளியே திடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டுத் திரையை மட்டும் காட்டுவதற்குக் காரணமே இல்லை.

சரி, நிழலில் இருந்து தொடங்குகிறேன்.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் பகல் இரவு வருகிறது, நிழலின் நீளமும் திசையும் மாறுகின்றன. புத்தகத்தில் ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும் பாடம் இது. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் "நம்ம பள்ளித் திடலில் நிழல் எத்தனை மணிக்கு ரொம்பச் சின்னதாக இருக்கும்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "பன்னிரண்டு மணி!" என்று கத்தும். பினாங்கில் அது தவறு. அந்தத் தவறான விடையைப் பலகையில் அப்படியே எழுதி வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

இதற்கு வேண்டியது ஒரு மீட்டர் உயரக் குச்சி, அதை நிறுத்த ஒரு தட்டையான பலகை, சுண்ணக்கட்டி, அளவுநாடா. குச்சியை மணல் வாளியில் நட வேண்டாம். நண்பகலில் நிழல் வாளிக்குள்ளேயே விழுந்துவிடும், அளக்க முடியாது. பலகையில் அடியிலிருந்து ஆணி அடித்து நிறுத்துவதுதான் சரி. நூலில் ஓர் அழிப்பானைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நேராக நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். தரை மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். எங்களுக்குச் சபைக்கூடல் நடக்கும் சிமெண்டுத் தரை வசதியாக அமைந்தது.

எந்த நாளில் செய்கிறோம் என்பது முக்கியம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5.4 பாகையில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் உச்சிக்கு நேர் மேலே வரும். ஒன்று ஏப்ரல் 3, 4 வாக்கில், இன்னொன்று செப்டம்பர் 9 வாக்கில். அந்த நாள்களை ஒட்டிச் செய்தால் நிழல் குச்சியின் காலடியில் காணாமல் போவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். சென்னையிலோ லண்டனிலோ எழுதப்பட்ட செயல்தாளை அப்படியே எடுத்தால் இது கிடைக்காது. லண்டனில் எந்த நாளிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நம் ஊரின் நிலையை வைத்துச் செயலை நாமே அமைக்க வேண்டும்.

நாங்கள் செய்தது செப்டம்பரில். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு குழு வெளியே போகும். நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதி, நீளத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதும். ஒருவர் பள்ளிக் கைக்கணினியில் படம் எடுப்பார். படம் எடுப்பவர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதங்களை வரைந்து வைத்தோம். எல்லாப் படங்களும் ஒரே கோணத்தில் இருந்தால்தான் பிறகு வரிசையாக ஓடவிட்டுப் பார்க்க முடியும்.

10.15க்குப் போன குழு திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தால் ஒரு சிறுமி அளவுநாடாவைக் குச்சியின் மேல் வைத்துப் பார்க்கிறாள், அப்புறம் நிழலின் மேல் வைத்துப் பார்க்கிறாள், மறுபடி குச்சியின் மேல். "டீச்சர், ரெண்டும் ஒரே நீளமா இருக்கு. நாடா சரியில்லையா?" நாடா சரியாகத்தான் இருந்தது. சூரியன் அப்போது அடிவானத்திற்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில் நின்றது. குச்சி 100 சென்டிமீட்டர், நிழலும் ஏறக்குறைய 100. நான் எதுவும் சொல்லவில்லை. "கையை நீட்டிக் காட்டு, சூரியன் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கையைச் சாய்வாக நீட்டினாள். தலைக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, நடுவில். அவளுக்கே புரிந்தது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். நிழல் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கையை நீட்டச் சொன்னால் போதும்.

அளவு எடுப்பதில் ஒரு சண்டை வரும், வரட்டும். நிழலின் நுனி கூர்மையாக இருக்காது, மங்கிப் போயிருக்கும். ஒருவர் 57 என்பார், இன்னொருவர் 59 என்பார். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வட்டம். அதனால்தான் நிழலின் ஓரம் மங்கலாகிறது. மூன்று பேர் தனித்தனியாக அளந்து சராசரி எடுக்கட்டும். சராசரி எதற்கு என்று கணிதப் பாடத்தில் கேட்காத பிள்ளைகூட இங்கே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 11.15க்கு எங்களுக்கு 58 வந்தது.

12.15க்கு மேகம் மூடிவிட்டது. செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழைக்காலம், இது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். பள்ளி 1.10க்கு முடிகிறது, எங்களுக்கோ நிழல் ரொம்பச் சின்னதாகும் 1.16 வேண்டும். பள்ளி வேன் அங்கிள்களிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். "கால் மணி நேரம்தானே டீச்சர், நிக்கிறோம்" என்றார்கள். நல்லவேளையாக வெயில் மறுபடி அடித்தது. கடைசியில் அவர்களும் வேனை விட்டு இறங்கி வந்து பிள்ளைகளோடு வட்டமாக நின்றார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சியின் அடியில் ஒட்டிக்கொண்டது. ஒரு பையன் தன் நிழலைத் தேடிக் காலைத் தூக்கிப் பார்த்தான். பாதத்தின் அடியில் இருந்தது.

இதுவரை ஒரு திரையும் இல்லை. மறுநாள்தான் ப்ரொஜெக்டரைப் போட்டேன். கூகுள் ஷீட்ஸில் வெறும் இரண்டு பத்தி, நேரம், நீளம். ஒவ்வொரு குழுவும் முன்னே வந்து தன் எண்ணைத் தானே தட்டியது. வரைபடம் திரையில் எழும்பியது, நடுவில் ஓர் இடைவெளியோடு. "மேகம் இல்லாவிட்டால் 12.15க்கு எவ்வளவு வந்திருக்கும்?" முப்பது, நாற்பது என்று குரல்கள். ஒரு பையன் எழுந்து, "58க்கும் பூஜ்யத்துக்கும் பாதி 29 டீச்சர்" என்றான். வரைபடத்தின் வளைவைப் பார்த்த இன்னொருத்தி, "இல்ல, கோடு வளைஞ்சு போகுது, 29க்குக் கொஞ்சம் குறைவா இருக்கும்" என்றாள். அன்று 12.15க்கு வெயில் இருந்தது. ஒரு நாள் இடைவெளியில் சூரியனின் பாதை அதிகம் மாறாது. ஓடிப்போய் அளந்தார்கள். 27.

அந்தக் கணினித் தாள் அவர்கள் வெயிலில் நின்று எடுத்த எண்களைக் காட்டியது. அதனால்தான் அதைப் பார்த்து வாதம் செய்தார்கள். அதே வரைபடத்தை நான் ஆயத்தமாகக் கொண்டு வந்து காட்டியிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு கேள்விகள் தாமாக வந்தன. நண்பகல் ஏன் 12 மணிக்கு இல்லாமல் 1.16க்கு வருகிறது? மலேசியாவின் கடிகாரம் கிழக்கே 120ஆவது தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. பினாங்கு இருப்பதோ 100ஐ ஒட்டி. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம். கணக்குப் போட்டால் 80 நிமிடத்திற்குக் கொஞ்சம் குறைவு வரும், பருவத்திற்கேற்பச் சில நிமிடங்கள் கூடும் குறையும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னேன். ஒரு தாத்தா, "ஒரே ராத்திரியில அரை மணி நேரம் முன்னாடி போயிடுச்சு. ரப்பர் பால் வெட்டப் போற நேரத்துல இன்னும் இருட்டா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அறிவியல் வகுப்பில் தோட்டத்து வரலாறு வந்து உட்கார்ந்துகொண்டது.

கோலாலம்பூரில் கற்பிக்கும் தோழி ஒருவரும் அதே நாளில் தன் வகுப்பில் குச்சி நட்டிருந்தார். காணொலி அழைப்பில் பேசினோம். அங்கே எங்களுக்கு ஐந்தாறு நிமிடம் முன்பாகவே நண்பகல் வந்துவிட்டது. நிழலும் முழுக்க மறையவில்லை, தெற்குப் பக்கமாக 4 சென்டிமீட்டர் நின்றது. அவர்களுக்குச் சூரியன் உச்சிக்கு வருவது செப்டம்பர் 14, 15 வாக்கில். பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு இதையே இன்னும் கொண்டு போகலாம். ஒரு மீட்டர் குச்சிக்கு 4 சென்டிமீட்டர் நிழல் என்றால் ஏறக்குறைய 2.3 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு–தெற்குத் தூரம் 250 கிலோமீட்டர் சுமார். முழு வட்டம் 360 பாகைக்குக் கணக்குப் போட்டால் 39,000 கிலோமீட்டர் சொச்சம் வரும். பூமியின் உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீட்டர். 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் செய்தது இதே வேலைதான். ஸ்டெல்லேரியம் போன்ற வானியல் மென்பொருளைக் காட்டுவதற்கு இதன் பிறகுதான் நேரம். திரையில் சூரியன் நகர்வதைப் பார்க்கும்போது "அது நம்ம 10.15!" என்று அவர்களே சொல்வார்கள்.

தமிழ் பாடத்திலும் இதே வரிசை பொருந்துமா என்று சிலர் கேட்பதுண்டு. நன்றாகவே பொருந்தும். நம் பாடத்திட்டத்தில் இரட்டைக்கிளவி ஆண்டுதோறும் வருகிறது. பொருளைப் படித்து, வாக்கியம் எழுதி, சோதனையில் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். "காற்று சலசலவென்று வீசியது" என்றெல்லாம் எழுதிக் கொண்டு வருவார்கள். அந்த ஒலியை அவர்கள் கேட்டதில்லை, அதுதான் காரணம்.

ஒரு வாரம் அவர்களை ஒலி பிடிக்க அனுப்பினேன். குழுவுக்கு ஒரு பள்ளிக் கைக்கணினி, ஒலிப்பதிவுச் செயலி ஒன்று, அவ்வளவுதான். சிற்றுண்டிச்சாலைக் குழாயடியில் சலசல. வேலியோரம் காய்ந்த இலைகளின் மேல் நடந்து சரசர. புறாக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படபட. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மணியடித்ததும் ஓடுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பிடித்துக் குடுகுடு. மழை வந்தபோது துத்தநாகக் கூரைக்கு அடியில் ஒரு குழுவே ஓடிப்போய் நின்றது, சடசட. ஒருவன் நறநறவென்று தன் பல்லையே கடித்துப் பதிவு செய்யப் பார்த்தான். கைக்கணினிக்கு அது கேட்கவில்லை. கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கூடப் பார்த்தான்.

வகுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டோம். பதிவு செய்த குழு விடை சொல்லக் கூடாது, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். காய்ந்த இலை ஒலிக்கு ஒரு குழு "மொறுமொறு" என்றது. மொறுமொறு முறுக்குக்குத்தான் வரும், நடக்கும்போது சரசரதான் என்று இன்னொரு குழு. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார்கள். அந்தப் பத்து நிமிட வாதத்தில் நடந்த மொழிப் பயிற்சி எந்தப் பயிற்றியிலும் கிடைக்காது.

அப்போது ஒருத்தி கேட்டாள், "டீச்சர், பளபளன்னு எதுவும் சத்தம் போடாதே, அதை எப்படிப் பிடிக்கிறது?" நல்ல கேள்வி. எல்லா இரட்டைக்கிளவியும் காதுக்கு உரியது இல்லை, கண்ணுக்கும் உடலுக்கும் உரியவையும் இருக்கின்றன. இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "அப்போ படம் எடுக்கலாமா?" என்று அவளே கேட்டு, சிற்றுண்டிச்சாலை அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சில்வர் குவளையைப் படமெடுத்து வந்தாள். வெடவெட என்பதற்கு ஒரு பையன் நடுங்கிக் காட்ட, இன்னொருவன் காணொலி எடுத்தான்.

பதிவுகளையெல்லாம் பேட்லெட் என்ற இணையப் பலகையில் ஏற்றி, பெற்றோருக்குத் தொடுப்பு அனுப்பினேன். முகம் தெரியும் படங்களை ஏற்றவில்லை. பொருளும் ஒலியும் மட்டும். இதில் எல்லாரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மறுநாளே அம்மாக்கள் சிலர் ஒலி அனுப்பத் தொடங்கினார்கள். எண்ணெயில் கடுகு வெடிக்கும் சடசட, பாட்டியின் வளையல் கலகல. அடுத்த கட்டுரையில் ஒரு பிள்ளை, "மழை விட்ட பிறகும் கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருந்தாள். திருத்த ஒன்றுமில்லை.

ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு முழு வகுப்பையும் கேட்க வேண்டுமென்றால் ப்ளிக்கர்ஸ் நல்ல கருவி. பிள்ளைகளுக்குக் கைப்பேசியோ கணினியோ தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், நான்கு பக்கத்திலும் நான்கு விடைகளுக்கான எழுத்து. தான் தேர்ந்தெடுத்த எழுத்து மேலே வருமாறு பிடித்துக் காட்டினால், ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டி எல்லா விடைகளையும் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் அட்டையும் வேறு வடிவம் என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. அட்டையைத் தடித்த தாளில் அச்சடியுங்கள். பளபளப்பான லேமினேட் வேண்டாம், விளக்கொளி பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது. நான் இதைப் பாடத்தின் நடுவில் பயன்படுத்துகிறேன். ஒரு கேள்வி, தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, அப்புறம் அதே கேள்விக்கு மறுபடி விடை. ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. நம் பிள்ளைகளுக்குப் பேசக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கஹூட் மாதிரியான இணைய வினாடி வினாப் போட்டிகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வேகமாகத் தட்டுகிறவருக்கு அதிகப் புள்ளி. தமிழ்க் கேள்வியை எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு விடை தெரிந்தாலும் பட்டியலில் பெயர் வராது. கஹூட் போடுவதாக இருந்தால் ஒரு கேள்விக்கு 60 அல்லது 90 வினாடி வையுங்கள், கேள்வியை நீங்களே ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.

மின்சுற்றுப் பாடத்தில் மின்கலம், டார்ச் பல்பு, கம்பி. தொடர்ச் சுற்றில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணைவதையும், இணைச் சுற்றில் அணையாமல் எரிவதையும் கையால் செய்து பார்த்த பிறகு ஃபெட் (PhET) என்ற கணினி உருவகப்படுத்தலைக் காட்டுகிறேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் அது, இலவசம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதைக் கண்ணால் பார்க்க வேறு வழியில்லை. மின்கலத்தின் இரு முனைகளையும் நேரே கம்பியால் இணைத்தால் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதையும் திரையிலேயே செய்து காட்டிவிடலாம், கையில் செய்யக் கூடாத சோதனை அது. வீட்டுச் சுவர் சாக்கெட் பக்கமே போகக் கூடாது என்பதைப் பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சொல்கிறேன்.

தமிழில் கணினி வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு ஒன்று. பல பள்ளிகளில் பழைய வினாத்தாள்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்திய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை வெட்டி கூகுள் படிவத்தில் ஒட்டினால் கிறுக்கலாகத்தான் வரும். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. விடுமுறையில் உட்கார்ந்து ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் பிறகு எல்லாக் கருவியிலும் ஓடும். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். தமிழ் எழுத்து கணினிக்குள் போனதில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தட்டச்சு தெரியாத பிள்ளைகளுக்குக் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு உதவும். மொழிப் பட்டியலில் தமிழ் மலேசியா என்றே தனியாக இருக்கிறது. முதலில் கையால் கதைச் சட்டகம் எழுதிவிட்டுத்தான் ஒலிவாங்கியின் முன் உட்கார வேண்டும் என்பது எங்கள் வகுப்புச் சட்டம். இல்லாவிட்டால் பேச ஒன்றும் இருக்காது.

டெலிமா கடவுச்சொல்லை மறப்பதுதான் கணினி அறையில் பாதி நேரத்தைத் தின்கிறது. அடையாளப் பெயர்களை வகுப்புவாரியாக அச்சடித்து ஆசிரியர் கோப்பில் வைத்திருங்கள். பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியரிடம் முதல் நாளே சொல்லி, மறந்தவர்களுக்கு மாற்றி வாங்கி வையுங்கள். இணையம் படுத்துவிட்டாலும் பாடம் நடக்க வேண்டும். ஆகவே படங்களையும் ஒலிகளையும் பென்டிரைவில் வைத்திருப்பேன்.

மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம், "திடலுக்கும் வகுப்புக்கும் அலைஞ்சுக்கிட்டிருந்தா பாடத்திட்டத்தை எப்போ டீச்சர் முடிப்பீங்க?" என்று கேட்டார். நியாயமான கவலை. எல்லாப் பாடத்திற்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. பருவத்திற்கு ஒன்றிரண்டு பெரிய செயல்கள் போதும். கருவிகள் புதிது, ஆனால் கையால் செய்து கற்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித்தான் நம் முன்னோர் எழுத்துப் படித்தார்கள். தவிர, ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டில்தான் பிள்ளையின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை குறிக்கிறோம். நிழல் நீளத்தைக் கணித்துக் காரணமும் சொன்ன பிள்ளைக்கு என்ன நிலை கொடுக்கலாம் என்று அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும். தனியாக ஒரு தாள் அச்சடிக்க வேண்டியதில்லை.

பெற்றோரின் கேள்வி வேறு மாதிரி இருக்கும். "டீச்சர், புத்தகத்துல எழுத்து வேலையே காணோமே?" இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எழுத்துப் பயிற்சி இல்லாமல் தமிழ் வளராது என்று அவர்கள் கவலைப்படுவது முழுக்கச் சரி. ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் பிறகு குறிப்பேட்டில் ஒரு பக்கம் கட்டாயம். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எல்லாம் பிள்ளையின் சொந்த வாக்கியத்தில். செயலின் படத்தைச் சிறிதாக அச்சடித்து மேலே ஒட்டிக்கொள்ளலாம். படத்தைக் காட்டி வீட்டில் பேசுவார்கள், பேசியது எழுத்தில் வரும்.

கெடா மாநிலத்துக் கூலிம் பக்கத்தில் தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் வேலை செய்யும் தோழிக்கு மாணவர் எண்ணிக்கை குறைவு, பல ஆண்டுகளைச் சேர்த்து வகுப்பு நடத்துகிறார். இந்த மாதிரி வேலைகளுக்கு அது பெரிய வசதி. எங்கள் பள்ளியில் ஐந்து பேர் குழுவில் ஒருவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக வாய்ப்புண்டு. அங்கே எல்லாருக்கும் எல்லா வேலையும் கிடைக்கிறது. பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்கு அளக்கச் சொல்லித் தருகிறார்கள். இப்போது இரண்டு பள்ளிகளும் ஒலிகளைப் பரிமாறிக்கொள்கிறோம். வறட்சியில் ரப்பர்க் காய் வெடித்து விழும் ஒலியை அவர்கள் அனுப்பினார்கள், எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் என்னவென்று தெரியவில்லை. நீங்களும் உங்கள் பள்ளியில் இப்படி ஒலி சேர்த்து வேறு பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், ஒவ்வொன்றையும் பத்து வினாடிக்குள் வையுங்கள். கோப்பின் பெயரில் விடையை எழுத வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். பெயர் கண்ணில் பட்டுவிட்டால் பிள்ளைகள் காதால் கேட்பதை விட்டுவிடுவார்கள்.